ஆரம்பாக்கத்தில் ஒரு தாழ்ப்பாள்

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் பல வருடங்களாகக் குடியிருக்கும் எனக்கு அது வரைபடத்தில் மட்டுமே தெரியும். ஒரு கல்யாணத்துக்குக்கூட அந்தப் பக்கம் போனதில்லை. எங்கள் ஊர் ரயில் மேற்கே போகும், அவர்கள் ஊர் ரயில் வடக்கே போகும். இரண்டும் சென்னையில்தான் முகம் பார்த்துக்கொள்ளும். அதனால் ஒரு வாரத்துக்கான துணிகளைப் பையில் அடுக்கியபோது கடல் தாண்டிப் போகிறவள் போலத்தான் இருந்தது.

நான் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறேன். படிப்பு பிளஸ் டூ. முதலில் பசை ஒட்டும் பிரிவில் இருந்தேன். பெட்டிகளைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும், "கொஞ்ச நாளைக்கு நீங்க பாருங்க" என்று அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

எங்கள் கம்பெனி சமூகப் பணியாக வாரம் ஒரு பள்ளிக்கு லேப்டாப்புகளையும் ஒரு த்ரீடி பிரிண்டரையும் அனுப்பி, கம்ப்யூட்டரில் பொருட்களை வடிவமைக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறது. திரையில் செய்ததை அந்த இயந்திரம் பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடுக்கடுக்காகப் படியவைத்து, கையில் எடுக்கும் பொருளாகவே தந்துவிடும். வழக்கமாகப் போகும் திவ்யாவுக்கு அம்மை போட்டுவிட்டது. மேனேஜர் என் மேசையருகே வந்து நின்றார்.

நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் அல்ல. பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் முன் ஊர்ப் பெயரை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். "நீயா கிளாஸ் எடுக்கப்போற?" என்றார் வீட்டுக்காரர். அதில் கிண்டல் இல்லை, நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். மணவாள நகரில் அந்த நேரத்தில் கூட்டம் காய்கறிக் கடையில் இருக்கும். இங்கே கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் இருந்தது. தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் ஒரே பஜ்ஜிக் கடையில் கையை நீட்டின. கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே மொழியில் பதில் சொன்னார்: "இரு, வேவுது."

தங்கியது ஸ்டெல்லா வீட்டில். முன்பு என்னோடு பசை ஒட்டியவள், இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறாள். "இன்னா சாந்தி, டீச்சராயிட்டியாமே, இனிமே உன்ன மிஸ்ஸுன்னு கூப்டணுமா?" என்று கேட்டுக்கொண்டே இறால் தொக்கைத் தட்டில் தள்ளினாள். அப்படி ஒரு தொக்கை நான் சாப்பிட்டதில்லை. எங்கள் பக்கம் வரும் இறாலுக்கு ஐஸ் வாசனைதான் இருக்கும். இதில் பக்கத்துக் கடலோர ஏரியின் உப்பு இருந்தது.

திங்கட்கிழமை காலையிலேயே மாட்டிக்கொண்டேன். பள்ளி ஆரம்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் வரும் ஒரு நடுநிலைப் பள்ளி. ரயிலில் வடக்கே வேலைக்குப் போகும் கூட்டம். நான் நடுவில் சிக்கிக்கொண்டேன். ஆரம்பாக்கம் வந்தது. "எறங்கணும், வழி விடுங்க" என்று சொன்னால் போதும். மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது முறை சொல்லும்போது ரயில் கிளம்பிவிட்டது.

அடுத்த நிறுத்தம் தடா. பெயர்ப்பலகையில் தெலுங்கு. திருப்பதிக்கு அல்லாமல் ஆந்திராவுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல்முறை. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பாதி தெலுங்கு புரியும்.

"இந்த அம்மா இறங்கவேண்டிய இடம் இது இல்லை" என்றாள் ஒருத்தி.

"எப்படிச் சொல்றே?"

"இறங்கவேண்டிய இடத்தில் இறங்கினவள் இப்படியா முழிப்பாள்?"

சொன்னது சரிதான் என்பதால் நான் இட்லியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். வேர்க்கடலைச் சட்னி, காரம் தூக்கலாக. வழி தவறியதற்கு அது நல்ல கூலி. திரும்ப ஷேர் ஆட்டோவில் வந்தேன். நான் பர்ஸை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்த டிரைவர், "பயப்படாதம்மா, ஸ்டேட்டு தான் வேற. அதே டப்பு தான் இங்கயும்" என்றார்.

பள்ளி வாசலில் எங்கள் கம்பெனி வேன் டிரைவர் பாபு சாமான்களை இறக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தார். "இன்னாக்கா, எனக்கு முன்னாடி நீ வந்துருப்பன்னு பாத்தா. வெள்ளிக்கெழம மூணு மணிக்கு வருவேன், எல்லாத்தையும் கட்டி ரெடியா வெச்சிரு. அன்னிக்கே அடுத்த ஸ்கூல்ல எறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தடா போன செய்தி எப்படியோ எனக்கு முன்பே பள்ளிக்கு வந்திருந்தது. "எல்லாரும் ஒரு தபா போய்ட்டுதான் வருவாங்க மேடம்" என்று தலைமையாசிரியை ஆறுதல் சொன்னார். சத்துணவு சமைக்கும் அம்சாம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அலைந்த தாகத்தில் முழுவதும் குடித்தேன். அந்த வாரம் அங்கே நான் செய்த முதல் தவறு அது.

ஏழாம் வகுப்பு. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். கைக்கு ஏதாவது வேலை கொடுக்கலாம் என்று பையிலிருந்து ஒரு தட்டையான அட்டையை எடுத்தேன். மடிப்புக் கோடுகளில் மடித்தேன், ஓரங்களில் நீட்டியிருந்த காதுகளைச் செருகினேன். பெட்டி ஆயிற்று. மேசைமேல் வைத்தேன். பிரித்தேன், அட்டை ஆயிற்று. மறுபடி மடித்தேன்.

"மேஜிக்கா மிஸ்?" என்றான் முதல் வரிசையில் இருந்த லோகேஷ்.

"இல்ல. அட்டையா இருந்தப்ப நீளம் அகலம் தான் இருந்துச்சு. பெட்டியானதும் உயரமும் வந்துருச்சு" என்றேன். என் முதல் பாடம் அவ்வளவுதான். நாலு பேருக்கு ஒன்றாக லேப்டாப்புகளைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அறையே இரைந்தது. திரையில் இருக்கும் கட்டையின் பின்பக்கத்தைப் பார்க்க மவுஸை அசைக்க வேண்டும். இவர்களோ தலையைச் சாய்த்து லேப்டாப்புக்குப் பின்னால் எட்டிப்பார்த்தார்கள். ஓட்டை போடும் விதம்தான் அவர்களுக்கு மிகவும் பிடித்தது. அந்த மென்பொருளில் ஓட்டையும் ஒரு பொருள். அதை எடுத்துவந்து கட்டைக்குள் நுழைத்தால் அந்த இடம் காலியாகிவிடும்.

"ஓட்டைய வெளியிலேர்ந்து தூக்கிக்கினு வரணுமா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள் யமுனா. இரட்டைச் சடை, வகுப்பிலேயே பெரிய குரல்.

பாடத்தின் நடுவே பெண்பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக வெளியே போய்வருவதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கொல்லைப் பக்கமிருந்து வாய்ப்பாடு சொல்லும் சத்தம் வரும். இந்தப் பள்ளியில் என்ன படிப்பு என்று வியந்தேன். மதியம் காரணம் தெரிந்தது. சொம்புத் தண்ணீர் தன் வேலையைக் காட்ட, நான் பெண்கள் கழிவறைப் பக்கம் போனேன். யமுனா ஓடிவந்தாள்.

"நீங்க போங்க மிஸ், நான் கதவ புடிச்சிக்கினு நிக்கிறேன்."

தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் நாக்கு போய் நுழையவேண்டிய இடத்தில் சிமெண்ட் நிலை உடைந்து, உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளமாக இருந்தது. இரண்டு முறை பூசிப் பார்த்தார்களாம். காய்வதற்குள் யாராவது கதவை அறைந்து பெயர்த்துவிடுவார்களாம். அதனால் ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பிடித்திருப்பவள் போய்விடவில்லை என்று உள்ளே இருப்பவளுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் வாய்ப்பாடு.

"அவசரம்னா ரெண்டாம் வாய்ப்பாடு. கொஞ்சம் நேரம் ஆவும்னா பதிமூணு" என்று யமுனாவின் தோழி ஜெனிஃபர் விளக்கினாள். "உங்களுக்கு எது சொல்லட்டும் மிஸ்?"

வராந்தாவில் ஆசிரியர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எந்த வாய்ப்பாடு என்பது அத்தனை பேருக்கும் கேட்கும். "ஒண்ணும் வேணாம்மா, சும்மா பாக்க வந்தேன்" என்று திரும்பிவிட்டேன். அன்று கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்ததை இங்கே விவரிக்கப்போவதில்லை. அந்த ரயிலிலும் கழிவறை கிடையாது.

செவ்வாய்க்கிழமை முதல் தண்ணீரை நிறுத்தினேன். அம்சாம்மா சொம்பை நீட்டும்போதெல்லாம் வேண்டாம் என்றேன். "கேன் தண்ணி தான் மேடம்" என்றார், முகம் வாடியபடி. மதியத்துக்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

பிள்ளைகள் விருப்பம்போல ஏதாவது செய்யட்டும் என்று விட்டிருந்தேன். ஜெனிஃபர் ஒரு சர்ச் கட்டினாள். முன்னாலிருந்து பார்க்க அழகாக இருந்தது. பக்கவாட்டில் திருப்பினேன். சிலுவை கோபுரத்தின் மேல் இல்லை, பின்னால் வெகுதூரத்தில் அந்தரத்தில் நின்றது. வகுப்பே சிரித்தது. "அது பரலோகம் போய்க்கினு இருக்குது" என்றாள் ஜெனிஃபர், கொஞ்சமும் அசராமல்.

"இந்த வாரம் எல்லாரும் சேர்ந்து நிஜமா உபயோகப்படற பொருள் ஒண்ணு செய்யலாம். என்ன செய்யலாம்?" என்று கேட்டேன்.

"கிரிக்கெட் கப்பு" என்றான் லோகேஷ்.

"கப்பு வாங்க மேட்ச் ஜெயிக்கணும். அத மொதல்ல பண்ணு" என்றாள் யமுனா. பிறகு பெண்பிள்ளைகள் தலைகளை ஒன்றுசேர்த்துக் கிசுகிசுத்தார்கள். யமுனா எழுந்து, தன் பெரிய குரலைப் பாதியாகக் குறைத்து, "தாப்பா மாட்டுற எடம் மிஸ்" என்றாள்.

நான் பொதுநலத்தோடு ஒப்புக்கொண்டேன் என்று எழுதினால் பொய்யாகும். எனக்குத் தாகமாக இருந்தது.

உடைந்த பள்ளத்தில் அப்படியே உட்காரும் ஒரு கட்டை வேண்டும், நடுவில் தாழ்ப்பாள் நுழைய ஓட்டையோடு. ஆனால் பள்ளம் கோணலும் மாணலுமாக இருந்தது. ஸ்கேல் உள்ளே போகவில்லை. யமுனா பள்ளிக்குப் பின்னால் இருந்த நெல்வயலின் வாய்க்காலிலிருந்து சேறு அள்ளிவந்தாள். அம்சாம்மாவிடம் காலி எண்ணெய்க் கவர் வாங்கிப் பள்ளத்துக்குள் விரித்து, சேற்றை அமுக்கி, கவரோடு வெளியே இழுத்தாள். பள்ளத்தின் வடிவம் அச்சாக வந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் இத்தனை வருடத்தில் நான் இப்படி யோசித்ததில்லை.

"இப்பவே அளந்துர்லாமா மிஸ்?" என்றாள் ஜெனிஃபர்.

"ஈரத்துல அமுங்கிடும். காயட்டும், நாளைக்கு அளக்கலாம்" என்றேன், பெரிய அனுபவசாலி மாதிரி. சேற்றுக்கட்டையை ஜன்னலில் வெயில் படும்படி வைத்தோம்.

புதன்கிழமை அது கல் போலக் காய்ந்திருந்தது. மூலை மூலையாக அளந்து, திரையில் கட்டையை உருவாக்கினார்கள். லோகேஷ்கூட கப்பை மறந்துவிட்டு, ஓட்டையை எங்கே நுழைப்பது என்று சண்டை போட்டான். மதியம் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. அது ஓடும்போது ஒரு மாதிரி முனகும். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, அம்சாம்மாவின் சாம்பார் சோற்றையும் முட்டையையும் அங்கேயே சாப்பிட்டார்கள். சாயங்காலம் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டை கையில் இருந்தது. எல்லாரும் ஊர்வலமாகப் போனோம். யமுனா பள்ளத்தில் வைத்துக் கையை எடுத்தாள். கட்டை நழுவி அவள் காலடியில் விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. சுற்றிலும் நகம் நுழையும் இடைவெளி.

நான் அளவுகளைச் சரிபார்த்தேன். காய்ந்த சேற்றுக்கட்டையும் மஞ்சள் கட்டையும் ஒரே அளவு. தவறே இல்லை. யமுனா அந்தச் சேற்றுக்கட்டையை எடுத்துப் பள்ளத்தில் வைத்தாள். அதுவும் விழுந்தது.

"வெயில்ல காஞ்சா வயலு வெடிக்குதுல்ல மிஸ்" என்றாள் மெதுவாக. "மண்ணு சுருங்கிப்போச்சு."

நெல்வயல் நடுவே பிறந்து வளர்ந்த அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். மிஸ் சொல்லிவிட்டாள் என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. "நான் அப்பவே அளக்கலாம்னு சொன்னேன்" என்றாள் ஜெனிஃபர். "ஆமா, நீ சொன்னே. நான் தான் தப்பு பண்ணேன்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அன்று இரவு ஸ்டெல்லாவிடம் சொன்னபோது கருவாட்டுக் குழம்பைக் கிளறியபடி, "எங்கம்மாவுது நாத்து நட்ட கை. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல" என்றாள். "ஆனா ஒண்ணு. நீ இவ்ளோ பேசி நான் பாத்ததேயில்ல."

வியாழக்கிழமை மாதாந்திர மின்தடை. காலையிலிருந்தே கரண்ட் இல்லை. ஈரச் சேற்றில் மறுபடி அச்செடுத்து, உடனே அளந்து, லேப்டாப்பில் இருந்த சார்ஜ் தீர்வதற்குள் புதுக் கட்டையை முடித்தார்கள். பிரிண்ட் செய்ய முடியவில்லை. மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை மட்டும். மூன்று மணிக்கு பாபு வந்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் மறுபடி நடுவில் சிக்கிக்கொண்டேன். செவ்வாய் முதல் தினமும் வாசலருகிலேயே தொங்கிக்கொண்டு போய் எப்படியோ சமாளித்திருந்தேன். ஆரம்பாக்கம் வந்ததும், "எறங்கணும், வழி விடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. லோகேஷை அதட்டி அதட்டிப் பழகிய குரல் அது. கூட்டம் சட்டென்று விலகியது. பிளாட்பாரத்தில் நின்ற பிறகுதான் அது என் குரல் என்பது எனக்கே உறைத்தது.

பள்ளிக்குப் போனதும் பிரிண்டரை ஓடவிட்டோம். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும் என்று கணக்கு. பாதிக்கு மேல் ஏறியிருந்தபோது கரண்ட் போயிற்று. முனகல் நின்ற பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கரண்ட் திரும்ப வரும்போது பள்ளி வாசலில் வேன் ஹாரன் கேட்டது.

பிரிண்டரின் சின்னத் திரையில், விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. இப்படிக் கேட்கும் என்று திவ்யா எனக்குச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' என்பதை அழுத்தினேன். அது முனக ஆரம்பித்தது.

பாபு உள்ளே வந்தார். "இன்னாக்கா, ஒண்ணுமே கட்டல? பேஜாரு பண்ணாத, பிளக்க புடுங்கு."

"இது முடியணும் பாபு."

"லேட்டானா மேனேஜர் என்ன தான் கத்துவாரு."

பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். யமுனாவின் கை பிளக்குக்கு முன்னால் இருந்தது, கதவைப் பிடிக்கும் அதே மாதிரி. நான் மேனேஜருக்குப் போன் போட்டேன். மனதுக்குள் சொல்லிப் பார்க்க மறந்துவிட்டேன். "சார், இங்க ஒரு வேல பாதியில இருக்கு. முடிச்சிட்டுதான் மெஷின அனுப்புவேன். பாபு மேல தப்பில்ல" என்றேன்.

"யாரு பேசறது?" என்றார் மேனேஜர்.

"சாந்தி சார்."

"எந்த சாந்தி?"

பெட்டி வரையும் சாந்தி என்றேன். "சரிம்மா, முடிச்சிட்டே அனுப்புங்க" என்று வைத்துவிட்டார். பாபு சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அம்சாம்மா அவருக்கு டீ கொடுத்தார். பள்ளிக்கூட மணி அடித்தும் ஏழாம் வகுப்பில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கட்டை முடிந்தது. கரண்ட் நின்ற இடத்தில் இடுப்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு விழுந்திருந்தது. மறுபடி ஊர்வலம். இந்த முறை கட்டை பள்ளத்தில் போக மறுத்தது. யமுனா உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். போய் உட்கார்ந்துவிட்டது. டீயின் உற்சாகத்தில் இருந்த பாபு, "நவுரு, இப்டி வெச்சா போதாது" என்று வேனிலிருந்து டிரில்லும் ஸ்க்ரூ டிரைவரும் இரண்டு நீள ஸ்க்ரூவும் கொண்டுவந்து, துளை போட்டுக் கட்டையை நிலையோடு முடுக்கினார். ஜெனிஃபர் உள்ளே போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினாள். டக் என்ற சத்தம் கேட்டது. வெளியிலிருந்து நாலு பேர் இழுத்தார்கள். கதவு அசையவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் யமுனா, "மொதல்ல மிஸ் தான் போகணும்" என்றாள். திறப்புவிழா மாதிரி எல்லாரும் வழிவிட்டார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையிலேயே போகவேண்டியும் இருந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். டக்.

வெளியே காலடிகள் விலகிப்போவது கேட்டது. அப்பாடா என்று நினைத்த நொடியில் கதவுக்கு மிக அருகில் ஒரு பெரிய குரல்: "பதிமூணு ஒண்ணு பதிமூணு, பதிமூணு ரெண்டு இருபத்தாறு..."

"யமுனா."

"மிஸ்."

"தாழ்ப்பாள் போட்டிருக்கேன்."

"ஐயோ, பழக்கதோஷம் மிஸ்." ஓடிப்போகும் சத்தம். அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை, வயல் பக்கமிருந்து வந்த காற்றைத் தவிர.

வெளியே வந்து நேராகச் சமையல் அறைக்குப் போனேன். "அம்சாம்மா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

"இப்ப தான் எங்க தண்ணி குடிக்கிற தண்ணியா தெரியிதா மேடம்?" என்று சொல்லிக்கொண்டே மொண்டு கொடுத்தார்.

அண்ணாந்து குடித்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுத்து, இன்னொன்று கேட்டேன்.